ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் பக்கத்து நாட்டுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஆகஸ்டில் மாலி. 2021 மே மாதம் மறுபடியும் மாலி. அதே ஆண்டு செப்டம்பரில் கினி. 2022 ஜனவரியில் புர்கினா ஃபாசோ, செப்டம்பரில் திரும்பவும் அதே புர்கினா ஃபாசோ. 2023 ஜூலையில் நைஜர், அடுத்த மாதமே காபோன். மூன்று ஆண்டுகளில் இத்தனை ஆட்சிகள் துப்பாக்கி முனையில் போயின. ஒவ்வொன்றையும் அந்தந்த நாட்டின் உள்விவகாரமாகவே பலரும் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். விளைவில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம்தான் தெரியவருகிறது. அதைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘ராணுவப் புரட்சி’ என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்? நீங்கள் ஏன் ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்கிறீர்கள்?

புரட்சி என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு ஒளி உண்டு. கீழே கிடந்தவர்கள் எழுந்து நின்றார்கள் என்ற பொருள் அதில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நைஜரில் நடந்தது என்ன? அதிபரைக் காக்கச் சம்பளம் வாங்கிய காவல் படையின் தளபதி, அதே அதிபரை அவருடைய வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார். வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. அதைப் புரட்சி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கேள்விகளில் அடிக்கடி வரும் எக்கோவாஸ், சாஹேல் என்பவை எவை?

எக்கோவாஸ் என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு. 1975 மே 28 அன்று லாகோஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் பிறந்தது. 2025 தொடக்கம் வரை அதில் 15 நாடுகள் இருந்தன. விசா இல்லாமல் போய்வரலாம், பக்கத்து நாட்டில் கடை வைக்கலாம், வேலை பார்க்கலாம். அந்தப் பகுதி மக்களுக்கு இது வெறும் காகித உரிமை இல்லை, அன்றாடப் பிழைப்பு.

சாஹேல் என்பது சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஓடும் வறண்ட பட்டை நிலம். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றுக்குமே கடற்கரை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலதும் எளிதாகப் புரியும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. புர்கினாவின் வாகாடூகூவிலும் மாலியின் பமாகோவிலும் நைஜரின் நியாமேயிலும் இளைஞர்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்கிறவர்களை நான் ஏற்பதில்லை. ஏன் மகிழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

புர்கினா ஃபாசோவின் வடக்கில் இனாட்டா என்று ஓர் இடம். தங்கச் சுரங்கத்தை ஒட்டி ஒரு காவல் முகாம் இருந்தது. 2021 நவம்பரில் அந்த முகாமிலிருந்து தலைமையகத்துக்கு ஒரு தகவல் போயிருந்தது: இரண்டு வாரமாகச் சாப்பாட்டுச் சாமான் இல்லை, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் ஆடுமாடுகளை அறுத்துத்தான் காலம் தள்ளுகிறோம். சாமான் வந்து சேரவில்லை. நவம்பர் 14 அன்று ஜிகாதி ஆயுதக் குழுவினர் வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் அந்தப் பசித்த காவலர்கள்.

இந்தச் செய்தி வெளியே வந்தபோது நாடே கொதித்தது. எல்லையில் சிப்பாய்க்குச் சோறு அனுப்ப முடியாத அரசு என்ன அரசு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அதிபர் ரோஷ் கபோரேயிடம் பதில் இல்லை. பத்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 24 அன்று, ராணுவம் அவரை இறக்கியது. ஆட்சிக்கு வந்த லெப்டினன்ட் கர்னல் தமிபாவும் பாதுகாப்பைச் சரிசெய்யவில்லை என்று சொல்லி, எட்டு மாதத்தில் அவரை இறக்கிவிட்டு 34 வயது கேப்டன் இப்ராஹிம் தரோரே வந்தார்.

ஆக, கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை யார் கையில் எடுத்தார்கள், எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

நைஜரில் என்ன நடந்தது? அங்கே நிலைமை அவ்வளவு மோசமா?

மாலியையும் புர்கினாவையும் ஒப்பிட்டால் அவ்வளவு மோசமில்லை. அதனால்தான் அது பெரிய அதிர்ச்சி. முகமது பசூம் 2021 ஏப்ரல் 2 அன்று பதவி ஏற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபர் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னோர் அதிபரிடம் ஆட்சியை ஒப்படைத்தது நைஜரின் வரலாற்றில் அதுதான் முதல்முறை.

2023 ஜூலை 26 காலையில் அதிபர் காவல் படைத் தலைவர் ஜெனரல் அப்துரஹமான் சியானியின் ஆட்கள் பசூமை வளைத்துக்கொண்டார்கள். முதல் சில மணி நேரம் ராணுவத்தின் மற்ற பிரிவுகள் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் ராணுவத் தலைமை, நமக்குள் ரத்தம் சிந்த வேண்டாம் என்று சொல்லி, கவிழ்த்தவர்கள் பக்கம் சாய்ந்தது. அத்தோடு முடிந்தது. பெரும்பாலான கவிழ்ப்புகள் இப்படித்தான் முடிகின்றன. சண்டையால் தீர்வதில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கே முடிவாகிவிடுகிறது.

எக்கோவாஸ் படையெடுக்கப் போவதாகச் சொன்னதே, ஏன் போகவில்லை?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நைஜீரிய அதிபர் போலா தினுபு 2023 ஜூலை 9 அன்று எக்கோவாஸின் தலைவரானார். இனி இந்தப் பகுதியில் ஆட்சிக் கவிழ்ப்பை விடமாட்டோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பதினேழாம் நாள் நைஜர் விழுந்தது. ஜூலை 30 அன்று எக்கோவாஸ் தலைவர்கள் அபுஜாவில் கூடி, ஒரு வாரத்துக்குள் பசூமைத் திரும்ப அமர்த்தாவிட்டால் பலப்பிரயோகம் உட்பட எதையும் செய்வோம் என்றார்கள். மறுநாளே மாலியும் புர்கினாவும், நைஜர் மீது கை வைத்தால் எங்கள் மீது போர் தொடுத்ததாகவே கொள்வோம் என்று அறிவித்தன. ஒரு வாரம் போனது. ஆகஸ்ட் 10 அன்று, தயார்நிலைப் படையைத் திரட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

ஏன்? எக்கோவாஸின் பலம் என்றால் பெரும்பாலும் நைஜீரியாவின் பலம். நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் நடுவே சுமார் 1,600 கிலோமீட்டர் எல்லை. எல்லைக்கு இருபுறமும் ஹௌசா மொழி பேசும் மக்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரே சந்தையில் மாடு விற்றவர்கள். சொகோட்டோ, கட்சினா, ஜிகாவா என்று நைஜீரியாவின் ஏழு மாநிலங்கள் அந்த எல்லையில் இருக்கின்றன. அங்கிருந்து வந்த செனட்டர்கள், போர் கூடாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். செனட் சபையும் படையெடுப்புக்கு ஆதரவு தரவில்லை. நைஜீரியாவின் சொந்த வடகிழக்கில் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பிரச்சினை வேறு தீராமல் கிடந்தது. சிறைபிடிக்கப்பட்டிருந்த பசூமின் உயிருக்கு என்ன ஆகும் என்ற பயமும் உண்டு.

மிரட்டியதைச் செய்ய முடியாது என்றால் மிரட்டியிருக்கக் கூடாது. அந்த ஒரு வாரக் கெடு எக்கோவாஸின் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் குறைத்தது. மூன்று ராணுவ ஆட்சிகளுக்கும் பொதுவான எதிரி ஒருவரை அது அமைத்துக் கொடுத்தது என்பது அதைவிட மோசம்.

ஆனால் கேம்பியாவில் எக்கோவாஸ் ஜெயித்ததே?

ஜெயித்தது. 2017 ஜனவரியில், தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடாத யாஹ்யா ஜாமேயைப் படைகளை நகர்த்தி நாட்டைவிட்டே போக வைத்தார்கள். கேம்பியா மிகச் சின்ன நாடு, மூன்று பக்கமும் செனகல். ஜெயித்த அடாமா பாரோ, செனகலின் டாக்கரில் இருந்த தன் நாட்டுத் தூதரகத்தில் பதவிப் பிரமாணம் எடுத்து, உதவி கேட்க ஆளும் தயாராக இருந்தார். நைஜர் பரப்பளவில் கேம்பியாவைப் போல நூறு மடங்குக்கு மேல்.

பொருளாதாரத் தடையால் தளபதிகள் பணிந்தார்களா?

இல்லை. தடை போட்டால் தளபதி வீட்டில் விளக்கு அணையாது, ஊரில்தான் அணையும். நைஜருக்கு மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நைஜீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நிறுத்தப்பட்டது. வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. மருந்தும் அரிசியும் எல்லையில் நின்றன.

இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் மலான்வில் என்ற ஊரைப் பார்க்க வேண்டும். பெனின் நாட்டின் வடகோடி ஊர் அது. ஊரை ஒட்டி நைஜர் நதி. ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நைஜர் நாட்டின் காயா. கடல் இல்லாத நைஜருக்குப் பெனினின் கொட்டனூ துறைமுகம்தான் முக்கிய வாசல். அங்கே இறங்கும் சரக்கெல்லாம் லாரியில் ஏறி, வடக்கே வந்து, இந்தப் பாலத்தைத்தான் கடக்கும். 2023 ஆகஸ்டில் பாலம் மூடப்பட்டதும் லாரிகள் சாலையோரம் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கினார்கள். அழுகும் சரக்கு அழுகியது. கொஞ்ச நாளில் மரப் படகுகள் புறப்பட்டன. பாலத்தில் போகக் கூடாத மூட்டைகள் பாலத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் போயின, கூடுதல் கூலிக்கு. அந்தக் கூலி கடைசியில் நியாமேயில் அரிசி வாங்கிய குடும்பத்தின் தலையில் விழுந்தது.

அடுத்து நடந்ததுதான் பலருக்கும் தெரியாத பகுதி. 2024 பிப்ரவரி 24 அன்று எக்கோவாஸ் தடைகளை நீக்கியது. பெனின் தன் பக்கத்தைத் திறந்தது. நைஜர் தன் பக்கத்தைத் திறக்க மறுத்தது. எங்களைத் தாக்கப் பெனினில் பிரெஞ்சுக்காரர்கள் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று காரணம் சொன்னது; பெனின் அதை மறுத்தது. இதே நேரத்தில்தான் நைஜரின் அகடெம் எண்ணெய் வயல்களிலிருந்து பெனின் கடற்கரை வரை சீன நிறுவனம் போட்ட சுமார் 2,000 கிலோமீட்டர் குழாய் வேலைக்குத் தயாரானது. எல்லையைத் திற, இல்லாவிட்டால் கப்பலில் எண்ணெய் ஏற்ற விடமாட்டேன் என்று 2024 மே மாதம் பெனின் நின்றது. சீனா நடுவில் வந்து பேச வேண்டியிருந்தது. ஒரே குழாயின் இரு முனையில் இருக்கும் இரண்டு ஏழை நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றதில் இரண்டுக்கும் நஷ்டம்தான்.

நைஜருக்குப் போகும் சரக்கு டோகோவின் லோமே துறைமுகத்துக்கு மாறி, புர்கினா வழியாக ராணுவக் காவலோடு சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. அந்தப் பாதையில் பல இடங்கள் ஆயுதக் குழுக்கள் நடமாடும் பகுதி.

மூன்று நாடுகளும் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டணி எப்படிப்பட்டது?

2023 செப்டம்பர் 16 அன்று பமாகோவில் லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் மூன்றும் கையெழுத்திட்டன. மூன்று எல்லைகளும் சந்திக்கும் பகுதியின் பெயர் அது, தாக்குதல்கள் மிகுந்த பகுதியும் அதுவே. ஒருவர் மீது தாக்குதல் மூவர் மீதும் தாக்குதல் என்பதே சாசனத்தின் உயிர். 2024 ஜனவரி 28 அன்று எக்கோவாஸை விட்டு விலகுகிறோம் என்று மூன்றும் ஒன்றாக அறிவித்தன. எக்கோவாஸ் விதிப்படி ஓராண்டு அவகாசம் கொடுக்க வேண்டும். அது முடிந்து 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. இடையில் 2024 ஜூலை 6 அன்று நியாமேயில், சாஹேல் நாடுகளின் கூட்டணி என்ற பெயரோடு அது ஒரு கூட்டரசாக ஆனது. தனிக் கடவுச்சீட்டு வந்தது. 5,000 பேர் கொண்ட கூட்டுப்படை அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு 0.5 சதவீத வரி வந்தது.

இதில் நல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆயுதக் குழுக்களுக்கு எல்லைக்கோடு தெரியாது. மூன்று ராணுவங்களும் ஒன்றின் நிலத்தில் மற்றொன்று துரத்திப் போக ஒப்புக்கொண்டது அர்த்தமுள்ள காரியம். பழைய காலனி எஜமானரான பிரான்ஸுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றோம் என்ற உணர்வையும் நான் சின்னதாக மதிப்பிடவில்லை.

குறை அடித்தளத்தில் இருக்கிறது. கூட்டணி பிறந்ததே, நம்மை இறக்க வெளியிலிருந்து யாராவது வந்தால் என்ன செய்வது என்ற கவலையில். மூன்று நாடுகளின் மக்களிடமும் யாரும் வாக்குக் கேட்கவில்லை. சாசனத்தில் உள்நாட்டு ஆயுதக் கிளர்ச்சியை அடக்கவும் பரஸ்பரம் உதவலாம் என்று இருக்கிறது. அதாவது ஒரு நாட்டில் நாளை இன்னொரு தளபதி எழுந்தால் மற்ற இருவரும் பழையவரைக் காக்க வரலாம். நாடுகளின் கூட்டணி எங்கே முடிகிறது, நாற்காலிகளின் கூட்டணி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஒரு நுணுக்கம்: மூன்றும் எக்கோவாஸைத்தான் விட்டன, சிஎஃப்ஏ பிராங்க் என்ற பொது நாணயத்தை விடவில்லை. எட்டு நாடுகள் பயன்படுத்தும் அந்த நாணய ஒன்றியத்தில் இன்றும் இருக்கின்றன. விலகிய பிறகும் இரு தரப்பும் மக்களை விசா இல்லாமல் விட்டுக்கொண்டிருக்கின்றன. தலைவர்கள் பிரிந்தாலும் சந்தை பிரியாது என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

பிரான்ஸ் போனது, ரஷ்யா வந்தது. இது வெறும் வல்லரசுப் போட்டிதானே?

அப்படிச் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கும். பிரெஞ்சுப் படை 2013 ஜனவரியில் மாலிக்குள் வந்தபோது மக்கள் கொடி பிடித்து வரவேற்றார்கள். ஒன்பது ஆண்டு இருந்தும் கிராமங்கள் பாதுகாப்பாகவில்லை, வெறுப்பு வளர்ந்தது. 2022 ஆகஸ்டில் மாலியையும், 2023 பிப்ரவரியில் புர்கினாவையும், அதே ஆண்டு டிசம்பரில் நைஜரையும் விட்டு அந்தப் படை வெளியேறியது. ஐ.நா. அமைதிப் படையும் 2023 இறுதியில் மாலியிலிருந்து கிளம்பியது. நைஜரின் அகடெஸில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய ட்ரோன் தளத்தை 2024-இல் அமெரிக்கா ஒப்படைத்துவிட்டுப் போனது. மாலியில் 2021 இறுதியிலேயே ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்துவிட்டது.

யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதைவிட, இதோடு சேர்ந்து உடைந்த சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஐந்து சாஹேல் நாடுகள் 2014-இல் தொடங்கிய ஜி-5 அமைப்பு கலைந்தது. சாட் ஏரிப் பகுதியில் போகோ ஹராமுக்கு எதிராக அண்டை நாடுகளோடு சேர்ந்து நடத்திய கூட்டுப்படையிலிருந்து 2025 மார்ச்சில் நைஜர் விலகியது. அல்ஜீரியா நடுநின்று செய்துவைத்த 2015 சமாதான ஒப்பந்தத்தை மாலி 2024 ஜனவரியில் தூக்கி எறிந்தது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் எல்லையோரம் மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியது; மூன்று கூட்டணி நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்தன. எல்லைக் காவலர்கள் தங்களுக்குள் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் பழக்கம் நின்றால் அது எந்தச் செய்தியிலும் வராது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சரி, பாதுகாப்பாவது கூடியதா? அதற்காகத்தானே வந்தார்கள்?

கூடவில்லை. 2024-இல் உலகம் முழுவதும் பயங்கரவாதத்தில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சாஹேல் பகுதியில் இறந்தவர்கள் என்று உலகப் பயங்கரவாதக் குறியீடு காட்டியது.

புர்கினாவின் பர்சலோகோவில் 2024 ஆகஸ்ட் 24 அன்று ஊர்மக்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரைக் காக்க வெட்டச் சொன்னது ராணுவம். மண்வெட்டியோடு குழிக்குள் நின்றவர்களை ஆயுதக் குழு வந்து சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எந்தக் குழி அவர்களைக் காக்கும் என்று சொல்லப்பட்டதோ அதிலேயே கிடந்தார்கள். இனாட்டாவில் சோறு அனுப்பாத அரசைக் கவிழ்த்தவர்களிடம் பர்சலோகோவைப் பற்றிக் கேட்க, உள்ளூர்ப் பத்திரிகையாளர்களுக்குத் தைரியம் இருக்கவில்லை. கேட்டவர்களைக் கட்டாயப்படுத்திப் போர்முனைக்கு அனுப்பும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது.

மக்களைக் கொன்றது ஆயுதக் குழுக்கள் மட்டும் அல்ல. மாலியின் மூரா கிராமத்தில் 2022 மார்ச் இறுதியில் மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆட்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை தந்தது.

2025 செப்டம்பர் முதல் ஜேஎன்ஐஎம் என்ற அல்கொய்தா சார்புக் குழு மாலிக்கு எரிபொருள் வரும் பாதைகளை மறித்தது. டாங்கர் லாரிகளை வழியில் எரித்தது. அக்டோபர் இறுதியில் மாலி முழுக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூட வேண்டி வந்தது. பெட்ரோல் வரும் வழி எது? செனகலின் டாக்கரும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானும். மாலி முறித்துக்கொண்டு வந்த அதே எக்கோவாஸ் நாடுகள். கடல் இல்லாத நாட்டுக்கு அண்டை வீட்டுப் பகை கட்டுப்படியாகாது.

அண்டை நாடுகளில் இது எப்படிப் பரவுகிறது? ஒன்றைப் பார்த்து ஒன்று செய்கிறதா?

பார்த்துச் செய்வதும் உண்டு. பக்கத்து நாட்டுக் கர்னல் தண்டனை இல்லாமல் அதிபரானதை எந்தக் கர்னலும் கவனிக்காமல் இருக்கமாட்டார். அதைவிட ஆழமான வழி ஒன்று இருக்கிறது. பெனினைப் பார்த்தால் அது தெரியும்.

பெனின் ஒப்பீட்டளவில் அமைதியான நாடு. வடக்கே நைஜர், வடமேற்கே புர்கினா. அந்த இரு நாடுகளோடும் உறவு முறிந்ததும் எல்லையில் ஒத்துழைப்பு முறிந்தது. யார் எந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள் என்ற தகவல் நின்றது. 2025 ஜனவரியில் மூன்று நாட்டு எல்லை சந்திக்கும் இடத்தில் சுமார் 30 பெனின் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் அதே பகுதியில் ஒரே நாளில் 54 பேர். டிசம்பர் 7 அன்று கொட்டனூவில் ஒரு லெப்டினன்ட் கர்னலின் ஆட்கள் தொலைக்காட்சியில் தோன்றி, ஆட்சியைப் பிடித்துவிட்டோம் என்றார்கள். சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது வடக்கில் பாதுகாப்புச் சீர்குலைவும், செத்த வீரர்களின் குடும்பங்களை யாரும் கவனிக்கவில்லை என்பதும். இனாட்டாவில் கேட்ட அதே குரல், நாலு வருடம் கழித்து, எல்லை தாண்டி.

இந்த முறை எக்கோவாஸ் அசைந்தது. நைஜீரியப் போர் விமானங்கள் அன்றே தாக்கின. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், சியரா லியோன் படைகளை அனுப்புவதாக அறிவிப்பு வந்தது. பெனின் அதிபரே உதவி கேட்டார், அவருடைய ராணுவத்தில் பெரும்பகுதி அவர் பக்கமே நின்றது, கவிழ்ப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. நைஜரில் இந்த மூன்றும் சேர்ந்து அமையவில்லை. கவிழ்ப்பைத் தடுக்க இருக்கும் நேரம் சில மணிகள்தான் என்பதை எக்கோவாஸ் கற்றுக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. பதினொரு நாளுக்கு முன், நவம்பர் 26 அன்று, கினி பிசாவில் தேர்தல் முடிவு வரவிருந்த தருணத்தில் ராணுவம் புகுந்ததை அது தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை என்று குறைசொல்கிறார்களே?

சரியான குறை. ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு முன்னோடியான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 2000-இல் லோமே பிரகடனம் செய்தது: அரசியல் சட்டத்துக்கு விரோதமாக ஆட்சிக்கு வருபவர்களை அமைப்பிலிருந்து இடைநிறுத்துவோம். ஒன்றியத்தின் 2007 ஜனநாயக சாசனம் ஒரு படி மேலே போய், கவிழ்த்தவர் பின்னால் தேர்தலில் நிற்கவும் கூடாது என்றது.

நடைமுறை வேறு. 2021 ஏப்ரலில் சாட் நாட்டின் இத்ரிஸ் தேபி இறந்ததும், சட்டப்படி நாடாளுமன்றத் தலைவருக்குப் போக வேண்டிய இடத்தை மகன் ராணுவத்தின் துணையோடு எடுத்துக்கொண்டார். சாட் இடைநிறுத்தப்படவில்லை. காபோனில் ஜெனரல் ஓலிகி நுகேமா 2023-இல் கவிழ்த்து, 2025 ஏப்ரலில் தேர்தலில் நின்று ஜெயித்து, வாழ்த்தும் பெற்றார்.

அப்புறம் ராணுவ உடுப்பு இல்லாமல் நடக்கும் கவிழ்ப்புகள். கினியின் அல்ஃபா கொண்டே 2020-இல் அரசியல் சட்டத்தையே மாற்றி மூன்றாம் முறை நின்றார். எக்கோவாஸ் தடை எதுவும் போடவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய சொந்தச் சிறப்புப் படைத் தலைவர் அவரை இறக்கியபோது உடனே தடை வந்தது. இரண்டு முறைக்கு மேல் யாரும் ஆளக் கூடாது என்று பொது விதி போடும் முயற்சி 2015-இல் எக்கோவாஸிலேயே டோகோவும் கேம்பியாவும் எதிர்த்ததால் படுத்துவிட்டது. பமாகோவில் ஓர் இளைஞர், இது அதிபர்களின் சங்கம், மக்களின் சங்கம் இல்லை என்று சொன்னால் அவருக்குப் பதில் சொல்வது எளிதில்லை.

இது ஆப்பிரிக்காவில் மட்டும் நடப்பதா?

இல்லவே இல்லை. 1955-இல் துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான், பிரிட்டன் சேர்ந்து பாக்தாத் ஒப்பந்தம் போட்டன. 1958 ஜூலை 14 அன்று ஈராக் ராணுவம் மன்னரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஈராக் விலகியது. பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம். தலைமையகம் அங்காராவுக்குப் போனது, பெயரும் மாறியது.

1974-இல் கிரேக்க ராணுவ ஆட்சி சைப்ரஸில் ஒரு கவிழ்ப்பைத் தூண்டிவிட்டது. ஐந்தே நாளில் துருக்கி படையோடு தீவில் இறங்கியது. கிரேக்கம், துருக்கி இரண்டுமே நேட்டோ உறுப்பினர்கள். ஏதென்ஸில் ராணுவ ஆட்சி விழுந்தது, கிரேக்கம் நேட்டோவின் ராணுவ அமைப்பை விட்டு 1980 வரை விலகி நின்றது, தீவு இன்றுவரை இரண்டாகக் கிடக்கிறது.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1 கவிழ்ப்புக்குப் பின், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பான ஆசியான் ஐந்து அம்சத் தீர்மானம் போட்டது. மியான்மர் தளபதி அதை மதிக்கவில்லை. உச்சி மாநாட்டுக்கு அவரை அழைக்காமல் விட்டதும், 2026-இல் மியான்மருக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பைப் பிலிப்பைன்ஸுக்கு மாற்றியதும்தான் ஆசியான் செய்ய முடிந்தது.

தேர்தல் நடத்திவிட்டுப் போய்விடுவோம் என்று சொன்னார்களே?

சொன்னார்கள். மாலியில் 2025 மே மாதம் அரசியல் கட்சிகளே கலைக்கப்பட்டன. ஜூலையில் ராணுவ ஆட்சித் தலைவர் அசிமி கோய்ட்டாவுக்குத் தேர்தல் இல்லாமல் ஐந்தாண்டு, வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. புர்கினாவில் 2024 ஜூலை முதல் ஐந்தாண்டு. நைஜரில் 2025 மார்ச் 26 அன்று சியானி ஐந்தாண்டுக்கு அதிபராகப் பிரமாணம் எடுத்தார்.

பசூம் என்ன ஆனார்?

ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். கவிழ்த்தவர்களுக்கு அந்தக் கையெழுத்து கிடைக்கவில்லை. நியாமேயில் அதிபர் மாளிகை வளாகத்திலேயே மனைவி ஹதிசாவோடு அடைத்து வைக்கப்பட்டார். கூட இருந்த மகன் சலேமை 2024 ஜனவரியில் விட்டார்கள், அவர் டோகோவுக்குப் போனார். 2024 ஜூனில் பசூமின் சட்டப் பாதுகாப்பை நீக்கினார்கள், ஆனால் வழக்கு விசாரணை தொடங்கவில்லை. 2025 முடியும்போதும் அவர் அதே வளாகத்தில்தான் இருந்தார். எக்கோவாஸின் நீதிமன்றம், அவரை விடுவிக்க வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த நீதிமன்றத்தின் சொல் செல்லும் நாடுகளின் பட்டியலில் இப்போது நைஜர் இல்லை.